பால் பைத்தான் (Ball Python) பாம்பு வாங்கப் போகிறீர்களா? நிறம் மாறும், கோலம் மாறாது

பங்குனி மாதம் ஒரு மத்தியானம், என் பால் பைத்தானின் பதிவைச் சரிபார்க்க வந்தவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதிவுத் தாளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, தாள்ல மஞ்சள் கலர்னு போட்டிருக்கு. உள்ள இருக்கிறது சாம்பலா இருக்கே, கண்ணு வேற நீலம் பூத்துக் கிடக்கு. இது அதே பாம்புதானா?"

அதே பாம்புதான். எட்டு மாதத்தில் குட்டிப் பருவ மஞ்சள் மங்கியிருந்தது. போதாததற்கு அன்றைக்கு அது சட்டை உரிக்கும் தறுவாயில் இருந்தது. இரண்டும் எனக்குத் தெரியும், ஆனால் காட்டிக்கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. இருந்தது ஒரே ஒரு படம். அதுவும் விற்றவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, ஃபில்டர் போட்டு எலுமிச்சம்பழம் மாதிரி பளபளத்தது. அதை நம்பி விண்ணப்பத்தில் "மஞ்சள்" என்று எழுதியவன் நான்தான். அதைத் திருத்த மூன்று மாதம் ஆனது, நான்கு முறை அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது அரசலாற்றுக் கரையோரக் கிராமம் ஒன்றில். டெல்டாவின் வெயில், மழை, மின்வெட்டு, வயல் எலி எல்லாவற்றையும் கணக்கில் வைத்தே சொல்கிறேன்.

1. எது கூடும், எது கூடாது

நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக்கூடாது. வாய்க்கால் ஓரம் பிடித்த மலைப்பாம்புக் குட்டியை "இதுவும் பைத்தான்தானே" என்று தொட்டியில் போட்டு வைத்தால், அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. இருதலைப் பாம்பு என்று லட்சக்கணக்கில் விலை சொல்லி ஏமாற்றுகிறார்களே, அந்த மண்ணுளிப் பாம்பும் வளர்ப்புக்குரியதல்ல.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகச் சந்தைக்கு அதிகம் போனது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் "பால்" (ball, பந்து) என்ற பெயர். மூன்று முதல் நாலரை அடி வளரும். இருபது, முப்பது வருடம் இருக்கும். கல்யாணம் ஆகாத தம்பிகள் இந்தக் கடைசிக் கணக்கை இன்னொரு தடவை படித்துக்கொள்ளவும்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இது இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், அப்படிப்பட்ட இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. வளர்க்கலாம், ஆனால் வந்த வழி சட்டப்படி இருக்க வேண்டும், பதிவும் செய்திருக்க வேண்டும்.

2. நிறத்தைப் படிக்கப் பழகுங்கள்

பணம் போவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இயற்கையான பால் பைத்தான் கறுப்பும் கரும்பழுப்பும் கலந்த உடம்பில், வெல்லப்பாகு நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும். வயிறு பால் வெள்ளை. விலாவில் வரும் திட்டுகளுக்குள் இரண்டு கரும்புள்ளிகள் கண்போல விழுந்திருக்கும். உலகமெங்கும் வளர்ப்பவர்கள் அதை "ஏலியன் தலை" என்கிறார்கள். என் அம்மா பார்த்த மாத்திரத்தில் "திருஷ்டிப் பூசணிக்கா மூஞ்சிடா" என்றார். அதன் பிறகு எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

இந்தச் சாதாரணப் பாம்புகளே ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒரே ஈட்டில் பொரித்த ஆறு குட்டிகளில் ஒன்றுக்கு முதுகில் ஏணிபோலக் கட்டம் இருக்கும், ஒன்றுக்கு நடுமுதுகில் கோடு ஓடும், ஒன்றுக்குத் திருஷ்டி முகமே இல்லாமல் வெறும் திட்டாக இருக்கும். அடைகாக்கும் சூடு முன்பின் ஆனாலும் முதுகுக்கோலம் கலைந்து பிறக்கும் என்று முட்டை வைத்துப் பழகியவர்கள் சொல்வார்கள். இதெல்லாம் இயல்பான வேறுபாடு. தனி விலைக்குரிய தனிப் பெயர் இதற்கு இல்லை.

பொறி வைக்கும் இடம் இதுதான். கொஞ்சம் வித்தியாசமான சாதாரணக் குட்டியை "டின்கர்" என்று சொல்லிக் கூடுதல் விலைக்குக் காட்டுவார்கள். ஏதோ புது மரபணு இருக்கலாம், ஆனால் இனப்பெருக்கம் செய்து நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அந்த "இருக்கலாம்" என்பதற்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

உண்மையான மரபணு வேறுபாடுகளை மார்ஃப் என்கிறார்கள். புதிதாக வருபவர் கண்ணில் அதிகம் படுவது இவை. ஆல்பினோவில் கறுப்பு நிறமி இருக்காது, மஞ்சள் இருக்கும். அதனால் வெள்ளையும் மஞ்சளுமாக, கண் சிவப்பாக இருக்கும். ஆக்ஸாந்திக் அதற்கு நேர்மாறு, மஞ்சள் போய் கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும் மிஞ்சும். பைபால்டில் கோலம் போட்ட உடம்பு நடுநடுவே சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெறும் வெள்ளையாகிவிடும். பேஸ்டல் என்பது மஞ்சள் தூக்கலாக, தலை வெளிறி இருப்பது. என்னுடையது இதுதான். பனானாவில் கறுப்புக்குப் பதில் இளம் ஊதாவும் மஞ்சளும் வரும். மொஹாவே, லெஸ்ஸர் போன்றவற்றைத் தங்களுக்குள் சேர்த்தால் முழு வெள்ளையும் நீலக்கண்ணுமாகக் குட்டி வரும்.

இனி, வாங்கிய பிறகு நிறம் எப்படி மாறும் என்பது. முதலாவது, வயது. பேஸ்டலின் மஞ்சள் குட்டியில் பளீரென்று இருந்து, வளர வளரப் பழுப்பேறும். ஆக்ஸாந்திக்கிலும் சில வழிவந்தவை பழுப்பாகும். பனானாவில் வயதானால் கரும்புள்ளிகள் மிளகு தூவியதுபோல ஏறும். நோய் என்று பயந்து மருந்து தடவாதீர்கள்.

இரண்டாவது, சட்டை உரிப்பு. நிறம் மந்தமாகும், வயிறு இளஞ்சிவப்பாகும், கண்ணில் பால் படர்ந்ததுபோல நீலம் பூக்கும். சில நாளில் கண் தெளியும். தெளிந்ததும் "சரியாகிவிட்டது" என்று கையில் எடுக்காதீர்கள், அதற்கும் சில நாள் கழித்துத்தான் உரிக்கும். மொத்தம் ஒன்றிரண்டு வாரம். உரித்த மறுநாள் பாருங்கள், பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடுபோல இருக்கும்.

மூன்றாவதுதான் கவலைப்பட வேண்டியது. உரிப்பு முடிந்த பிறகும் வயிற்றுச் செதில்களில் சிவப்பு போகவில்லை, கொப்புளம் இருக்கிறது என்றால் அது நிறமல்ல, ஈரத்தில் கிடந்து வந்த செதில் அழுகல். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இது சுலபமாக வரும்.

இத்தனை மாறினாலும் கோலம் மாறாது. எந்தத் திட்டு எந்தத் திட்டோடு ஒட்டுகிறது, இடது விலாவில் மூன்றாவது திருஷ்டி முகத்துக்கு எத்தனை கண், கழுத்தில் கோடு எங்கே அறுகிறது என்பதெல்லாம் பொரித்த நாள் போட்டது போட்டதுதான். இடது பக்கமும் வலது பக்கமும்கூட ஒன்றாக இருக்காது. நம் கைரேகை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பெயருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணி படித்திருப்பீர்கள். ஓங்கு, ஒடுங்கு ஞாபகம் இருந்தால் போதும். ஆல்பினோ, பைபால்ட், கிளவுன், ஆக்ஸாந்திக் எல்லாம் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் பாம்பு சாதாரணமாகவே இருக்கும். அதைத்தான் "ஹெட்" என்பார்கள்.

இரண்டு ஹெட் ஆல்பினோவைச் சேர்த்தால் கணக்குப்படி நாலில் ஒன்று ஆல்பினோ. மீதி மூன்றும் பார்க்கச் சாதாரணம், அதில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதாரணம். எது எது என்று கண்ணால் சொல்லவே முடியாது. ஆகவே மூன்றையும் "66 சதவீத ஹெட்" என்று விற்பார்கள். இதைக் குட்டியின் உடம்பில் 66 பங்கு ஆல்பினோ என்று நினைத்து வாங்கியவரை எனக்குத் தெரியும். பாவம், வெளுக்கும் வெளுக்கும் என்று இரண்டு வருடம் காத்திருந்தார்.

முட்டை வைக்கும் எண்ணம் இல்லையென்றால் ஹெட் என்ற சொல்லுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். எண்ணம் இருந்தால், ஆக்ஸாந்திக்கில் ஒன்றோடொன்று பொருந்தாத பல வழிகள் உண்டு என்பதைக் கேட்டு வையுங்கள். இரண்டு வேறு வழி ஆக்ஸாந்திக்கைச் சேர்த்தால் குட்டி எல்லாம் சாதாரணமாகவே வரும்.

ஸ்பைடர் என்று மெல்லிய சிலந்தி வலைக்கோலத்தில் ஒன்று இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த மரபணுவோடு தலை ஆட்டமும் நிலை தடுமாற்றமும் கூடவே வரும். சிலவற்றில் இலேசாக, சிலவற்றில் இரையைக் குறிபார்த்துக் கடிக்கவே முடியாத அளவுக்கு. நான் வாங்கமாட்டேன், உங்களையும் வாங்கச் சொல்லமாட்டேன். சூப்பர் சின்னமன் போன்ற சிலவற்றில் முதுகெலும்பு கோணல் வருவதுண்டு. வீடியோவில் ஊர்ந்து போவதை முழுசாகப் பார்க்காமல் முன்பணம் போடாதீர்கள்.

4. பணம் கொடுக்குமுன் காகிதம்

"பாம்பு இன்னைக்கு எடுத்துக்கங்க ப்ரோ, பேப்பர் அடுத்த வாரம் வந்துரும்." இந்த வாக்கியம் காதில் விழுந்த நிமிடம் எழுந்து வந்துவிடுங்கள். அந்த அடுத்த வாரம் வரவே வராது.

கேட்க வேண்டியது மூன்று. விற்பவர் பெயரில் அந்தப் பாம்புக்கு, அல்லது அது பிறந்த ஈட்டுக்கு, இருக்கும் பதிவு. தேதி, தொகை, இனத்தின் அறிவியல் பெயர், ஆணா பெண்ணா என்பது, மார்ஃப் எழுதிய ரசீது. கைமாற்றியதாகக் கையெழுத்திட்ட கடிதம். ரசீதில் "பெட் ஐட்டம்" என்று எழுதித் தருவார்கள், வாங்காதீர்கள். பைத்தான் ரீஜியஸ் என்று இருக்க வேண்டும்.

2020 ஜூனில் மத்திய அரசு ஒரு தன்னார்வ அறிவிப்புத் திட்டம் கொண்டுவந்தது. கையில் இருந்த வெளிநாட்டு உயிரினங்களை அப்போது அறிவித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துத் தாள் ஒன்றை எனக்கும் ஒருவர் காட்டினார். தாளில் இருந்தது இரண்டு பாம்பு, அவர் அதை வைத்து விற்றுக்கொண்டிருந்தது பன்னிரண்டாவது குட்டியை. தாயிலிருந்து குட்டி வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

விமானத்தில் வந்த குட்டி மலிவாகக் கிடைக்கும். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டது நினைவிருக்கும். தப்பி வருவதில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், சட்டப்படி வழக்கு உங்கள் மேல். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

5. வீட்டுக்கு வந்ததும் படம்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். அரைமணி நேர வேலை.

சட்டை உரிக்கும் நிலையில் இருந்தால் காத்திருங்கள், உரித்து இரண்டு மூன்று நாள் கழித்து எடுங்கள். பதிவுக்கு நாள் நெருங்கினால் அப்போதைக்கு ஒரு தொகுதி, உரித்த பிறகு ஒரு தொகுதி. காலை எட்டு மணிக்குள், திண்ணை நிழலில், ஃபிளாஷ் இல்லாமல். கீழே வெள்ளை வேட்டி விரியுங்கள், பக்கத்தில் தையல்காரர் டேப் ஒன்றை நீட்டி வையுங்கள். தலை மேலிருந்து ஒன்று, இடது விலா முழுவதும், வலது விலா முழுவதும், நடுமுதுகு, வயிறு, வால். சுருண்டுகொண்டால் இழுக்காதீர்கள், ஐந்து நிமிடம் விட்டால் தானே அவிழும். ஃபில்டர் கூடாது. படத்தைத் திருத்தாமல், தேதியோடு, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் அடையாளம் எழுதுங்கள். நிறத்தை எழுதாதீர்கள். இப்போது என்னுடையதில் இப்படி இருக்கிறது: "பேஸ்டல், பெண். கழுத்திலிருந்து இரண்டாவது இடது திட்டில் மூன்று கரும்புள்ளி. நடுமுதுகுக் கோடு ஒரு சாண் தூரத்தில் அறுந்து மீண்டும் தொடங்குகிறது. வலது விலாவில் ஐந்தாம், ஆறாம் திட்டுகள் ஒட்டியவை." இதை வைத்துத்தான் கடைசியில் என் விவகாரம் தீர்ந்தது. வந்தவர் தானே குனிந்து ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இத முதல்லயே எழுதியிருக்கலாமே தம்பி" என்றார்.

6. பதிவு: முப்பது நாள்

2024 பிப்ரவரி 28 அன்று வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. "இன்னும் டைம் இருக்கு" என்று சொல்பவர் பழைய செய்தியைப் படித்துவிட்டுச் சொல்கிறார்.

விண்ணப்பம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். நான் கையில் வைத்திருந்தவை: ஆதார், முகவரிச் சான்று, ரசீது, கைமாற்றுக் கடிதம், விற்றவரின் பதிவு நகல், பெட்டி வைத்திருக்கும் அறையின் படம், பாம்பின் படங்கள். முதல் வாரத்திலேயே உட்காருங்கள். இருபத்தெட்டாம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது கோயிலுக்கு வேண்டிக்கொண்டு பயனில்லை. கோப்பின் அளவு பெரிதாக இருந்தால் ஏறாது, முன்பே சுருக்கி வையுங்கள். ஆதாரில் ஒரு முகவரி, பாம்பு இருப்பது வேறு முகவரி என்றால் அதை விளக்கி ஒரு தாள் சேருங்கள். எண் வந்ததும் திரையைப் படம் எடுத்து அச்சிட்டு ஃபைலில் போடுங்கள்.

பதிவோடு முடிவதில்லை. யாருக்காவது கொடுத்தாலும், முட்டை பொரித்தாலும், இறந்தாலும் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று காவிரியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

7. பெட்டி, சூடு, இரை: என் செலவு

பாம்புக்கு நான் கொடுத்தது 22,000 ரூபாய். நாலடிக்கு இரண்டடி பிளைவுட் பெட்டி, முன்பக்கம் நகரும் கண்ணாடி, ஊர்த் தச்சர் கூலியோடு 6,500. சூடு தரும் விரிப்பு, தெர்மோஸ்டாட், இரண்டு ஈரப்பதமானி எல்லாம் சேர்த்து 3,700. தெர்மோஸ்டாட் இல்லாமல் சூட்டு விரிப்பு போடவே போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருந்தால் அது தானே இடம் மாறிக்கொள்ளும்.

நம் பக்கம் பிரச்சினை தலைகீழ். அக்னி நட்சத்திரத்தில் அறையே 36, 38 போகும். அப்போது சூட்டை அணைத்துவிட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான தரைத்தள அறைக்கு மாற்றுங்கள். ஈரப்பதம் 60, 70 சதவீதம் வேண்டும். ஐப்பசியில் அது தானாகவே 90க்குப் போகும், காற்றுத் துளைகளைத் திறந்து விடுங்கள். விரிப்புக்குத் தென்னை நார்க்கழிவு நல்லது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கொட்டிக் கிடக்கிறது. உப்பு போக இரண்டு தண்ணீரில் அலசி, பிழிந்து, உலர்த்திப் போடவும். 2018 நவம்பர் கஜா புயலில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் இவை. மாற்று வழி யோசித்து வையுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் ஒரு மூலையில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

இரை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வயலில் தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறியில் விழுந்த எலி சும்மா கிடைக்கிறதே என்று போடாதீர்கள். பக்கத்து வயலில் என்ன மருந்து வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. எலி விஷம் தின்ற எலியைத் தின்றால் பாம்பும் போகும். புழு, எலிக்காய்ச்சல் கிருமி வேறு. வளர்ப்பு வெள்ளை எலிதான் வாங்க வேண்டும். குட்டிக்கு வாரம் ஒன்று, பெரிதானால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. மார்கழி, தையில் சாப்பிடாமல் ஒன்றிரண்டு மாதம் கிடக்கும். எடை குறையாதவரை விட்டுவிடுங்கள், வாயைத் திறந்து திணிக்கவேண்டாம்.

வைத்தியரை வாங்குமுன்பே விசாரித்து வையுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும், பாம்பைக் கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

8. அக்கம்பக்கம்

பழுப்பில் திட்டுத்திட்டாக, குட்டையாகத் தடியாக இருக்கும் பாம்பை நம் ஊரில் எவரும் கண்ணாடி விரியன் என்றுதான் நினைப்பார்கள். அறுவடை நேரத்தில் விரியனைப் பார்த்துப் பழகியவர்கள் கம்பை எடுக்க யோசிக்கமாட்டார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. பெட்டிக்குப் பூட்டு போடுங்கள். கதவிடுக்கில் துணி அடையுங்கள். எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு ஒருதடவை காட்டிவிடுங்கள்.

என்னுடையது ஒருமுறை தப்பியது. தெருவெல்லாம் தேடினோம். கிடைத்தது எங்கள் வீட்டிலேயே, நெல்மூட்டைக்குப் பின்னால் சுருண்டு, சாக்கின் நிறத்தில். அம்மாதான் கண்டுபிடித்தார். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அந்த மூன்று கண் மூஞ்சி.